தலைமுடி போனது மகனுக்கு... தூக்கம் போனது தாய்க்கு!

எங்கள் எதிர் வீட்டு அக்காவின் மகன் பட்டாளத்தில் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. அவன் லீவில் வந்தால் தெருவே கூடிவிடும். மடிப்புக் கலையாத சட்டை, ஒட்ட வெட்டிய தலை, விறைப்பான நடை. பொடிசுகளெல்லாம் அவன் பின்னாலேயே சுற்றும். "உங்களுக்கு எவ்வளவு பெருமையா இருக்கும் அக்கா!" என்று ஒரு நாள் சொன்னேன். அரிசியில் கல் பொறுக்கிக் கொண்டிருந்த அக்கா நிமிராமலே பதில் சொன்னாள்: "பெருமைதாண்டி. பகலெல்லாம் பெருமை. ராத்திரி படுத்தாத்தான் தூக்கம் வரமாட்டேங்குது."

அப்போது எனக்கு ஒரு போட்டோ ஞாபகம் வந்தது. 1958-ஆம் வருஷம் மார்ச் 25-ஆம் தேதி, அமெரிக்காவில் ஆர்க்கன்ஸாஸ் மாநிலத்து ஃபோர்ட் சாஃபி ராணுவ முகாமில் எடுத்தது. நாற்காலியில் ஓர் இளைஞர். வயது 23. சுற்றிலும் பத்திரிகைக்காரர்கள். நாவிதர் மிஷினை வைத்து அவருடைய கறுத்த முடியைச் சிரைத்துத் தள்ளுகிறார். எல்விஸ் பிரெஸ்லி என்ற ராக் அண்டு ரோல் பாடகரின் முடி அது! உலகம் முழுக்க இளம் பெண்கள் அந்த முடிக்காக அழுதார்கள். பத்திரிகைகள் அந்தப் போட்டோவைப் போட்டுப் போட்டு அலுக்கவில்லை.

அதே சமயம் மெம்பிஸ் நகரத்தில் ஒரு வீட்டில் இன்னொரு பெண்மணியும் அழுது கொண்டிருந்தார். அவரைப் பற்றி எழுதினவர்கள் குறைவு. எல்விஸின் அம்மா கிளாடிஸைத்தான் சொல்கிறேன்.

பேரும் புகழும் உள்ளவர்கள் பட்டாளத்துக்குப் போவது எல்விஸோடு ஆரம்பித்த விஷயம் இல்லை. இரண்டாவது உலக யுத்தத்தின்போது ஹாலிவுட்டிலிருந்து ஏராளமானவர்கள் போனார்கள். கிளார்க் கேபிள் போனது பரிதாபமான கதை. அவருடைய மனைவி கரோல் லொம்பார்டும் பெரிய நடிகை. யுத்தத்துக்காகக் கடன் பத்திரம் விற்க இண்டியானாவுக்குப் போய், ஒரே நாளில் இருபது லட்சம் டாலருக்கு மேல் விற்றுக் கொடுத்துவிட்டு விமானத்தில் திரும்பினார். கூடவே பெற்ற தாயும். 1942 ஜனவரி 16-ஆம் தேதி அந்த விமானம் மலையில் மோதி, இருந்த 22 பேரும் போய்விட்டார்கள். அதே வருஷம் ஆகஸ்டில், 41-ஆம் வயதில், கேபிள் விமானப் படையில் சேர்ந்தார். வழியனுப்ப வீட்டில் மனைவி இல்லாமல் போன மனிதர் அவர்.

ஜேம்ஸ் ஸ்டூவர்ட் கதை வேறு. உயரம் 6 அடி 3 அங்குலம், ஆள் ஒல்லிக்குச்சி. எடை போதாது என்று ராணுவம் முதலில் திருப்பி அனுப்பிவிட்டது. வேறு யாராவதாக இருந்தால் 'தப்பித்தோம்' என்று படப்பிடிப்புக்குப் போயிருப்பார்கள். இவர் உட்கார்ந்து சாப்பிட்டு எடையைக் கூட்டிக் கொண்டு திரும்பப் போனார். 1941 பிப்ரவரியில் ஆஸ்கர் பரிசு கையில்; மார்ச்சில் மாதம் 21 டாலர் சம்பளத்தில் சாதாரணச் சிப்பாய்! பரிசுச் சிலை அப்பாவிடம் போயிற்று. பென்சில்வேனியாவில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த அந்த அப்பா, சிலையைக் கடையிலேயே பார்வைக்கு வைத்துவிட்டார்.

மகன் ஐரோப்பாவுக்குக் கிளம்பும் சமயம் அப்பா ஒரு கடிதத்தைக் கையில் திணித்தார். கூடவே பைபிளின் 91-ஆவது சங்கீதம். வாயால் சொல்ல வராததைக் காகிதத்தில் எழுதிக் கொடுக்கும் அப்பாக்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள் போலிருக்கிறது. ஸ்டூவர்ட் குண்டு வீச்சு விமானத்தில் 20 தாக்குதல்களுக்குப் போய் உயிரோடு திரும்பினார். சிப்பாயாகச் சேர்ந்தவர் கர்னலாகி வந்தார். தன் யுத்த அனுபவத்தைப் படங்களுக்கு விளம்பரமாக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ஆனால் காத்திருக்கும் முறை அவருக்கும் வந்தது. 1949-ல் அவர் மணந்த குளோரியாவுக்கு முதல் கல்யாணத்தில் இரண்டு பையன்கள். அவர்களைத் தன் பிள்ளைகளாகவே வளர்த்தார். மூத்தவன் ரொனால்ட் வியட்நாம் யுத்தத்துக்குப் போனான். 1969 ஜூன் 8-ஆம் தேதி அங்கேயே உயிரை விட்டான். வயது 24.

எல்விஸ் வீட்டுக்கு வருவோம். எல்விஸ் போனது யுத்தத்துக்கு அல்ல. அப்போது அமெரிக்காவில் கட்டாய ராணுவ சேவை இருந்தது. அழைப்பு வந்த இளைஞர்கள் இரண்டு வருஷம் போய்த்தான் ஆக வேண்டும். குண்டு விழாத காலம்தான். அப்படியிருக்க அந்த அம்மாள் ஏன் அப்படி இடிந்து போனார்?

அதற்கு 1935-க்குப் போக வேண்டும். மிசிசிப்பி மாநிலத்தில் டூபிலோ என்கிற ஊர். இரண்டே அறை கொண்ட மர வீடு. ஜனவரி 8-ஆம் தேதி கிளாடிஸுக்கு இரட்டைக் குழந்தைகள். முதலில் வந்த ஜெஸ்ஸி இறந்தே பிறந்தான். பிறகு வந்தவன் எல்விஸ். அதற்கப்புறம் அந்த அம்மாளுக்கு வேறு குழந்தை தங்கவில்லை. பையனுக்கு மூன்று வயது ஆகும்போது கணவர் வெர்னன், செக்கில் தொகையைத் திருத்திய குற்றத்துக்காக ஜெயிலுக்குப் போனார். வீடும் கையை விட்டுப் போயிற்று. தாயும் பிள்ளையும் ஒருவரையொருவர் பிடித்துக் கொண்டு அந்த நாட்களைத் தள்ளினார்கள். ஒரு பிள்ளையைப் பறிகொடுத்து மிச்சம் இருக்கிற ஒன்றை வளர்க்கும் தாயின் மனசு எப்படியிருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பதினோராவது பிறந்த நாளுக்குப் பையனை இரும்புச் சாமான் கடைக்கு அழைத்துப் போனார் கிளாடிஸ். (ஆமாம், இந்தக் கதையிலும் ஓர் இரும்புக் கடை!) பையனுக்குத் துப்பாக்கி மேல் ஆசை. அம்மா சம்மதிக்கவில்லை, கிதார் வாங்கிக்கோ என்றார். விலை ஏழே முக்கால் டாலர். இதை அந்தக் கடையில் விற்பனைக்கு நின்றவரே பிற்காலத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார். அம்மா அன்றைக்கு மறுத்த துப்பாக்கியைப் பன்னிரண்டு வருஷம் கழித்து அரசாங்கம் கொடுத்தது!

கிதார் என்ன செய்தது என்பது உலகத்துக்கே தெரியும். 1956-ல் எல்விஸ் கொடி கட்டிப் பறந்தார். 1957-ல் 'கிரேஸ்லேண்ட்' என்ற மாளிகையை ஒரு லட்சத்து இரண்டாயிரத்து ஐந்நூறு டாலருக்கு வாங்கி அம்மாவைக் குடி வைத்தார். அந்த அம்மாளோ மாளிகையின் பின்புறத்தில் கோழி வளர்த்தார்! இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது. பழகிய வேலை ஒன்றாவது கையில் இருக்கட்டும் என்று நினைத்திருப்பார். வாசலில் எந்நேரமும் ரசிகர் கூட்டம். மகனோ ஊர் ஊராகச் சுற்றுகிறான். ஒரு தடவை விமானத்தில் ஆபத்து நேர இருந்து தப்பித்ததிலிருந்து, விமானத்திலேயே ஏறாதே என்றார் அம்மா. எல்விஸும் ரயிலிலேயே போக ஆரம்பித்தார்.

மகனோடு தன் படமும் பத்திரிகையில் வருகிறதே, இப்படிக் குண்டாக இருக்கிறோமே என்று அந்த அம்மாளுக்கு வெட்கம். உடம்பு இளைக்க மாத்திரை சாப்பிட்டார். அந்தக் காலத்தில் ஆம்ஃபெடமின் என்ற மருந்தை டாக்டர்கள் இதற்காகத் தாராளமாக எழுதிக் கொடுத்தார்கள். பசியை அடக்கும்; கூடவே தூக்கத்தையும் கெடுத்து, இதயத்தையும் படபடக்க வைக்கும். கவலையை மறக்கக் குடிக்கவும் ஆரம்பித்தார் என்று எல்விஸின் வாழ்க்கையை ஆராய்ந்து எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

இந்த நிலையில்தான் 1957 டிசம்பரில் ராணுவ அழைப்பு வந்தது. ஒப்புக்கொண்ட படத்தை முடிக்க மட்டும் கொஞ்சம் அவகாசம் கேட்டு வாங்கிக் கொண்டு, மார்ச் 24-ஆம் தேதி எல்விஸ் போய்ச் சேர்ந்தார். பாட்டுப் பாடிச் சிப்பாய்களை மகிழ்விக்கும் சுகமான பிரிவில் சேரலாம் என்று ராணுவமே சொல்லியும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. எல்லாரையும் போலக் கவாத்து, எல்லாரையும் போல மாதம் 78 டாலர் சம்பளம். அதுதான் நல்ல பெயர் தரும் என்று மேனேஜர் 'கர்னல்' பார்க்கரும் கணக்குப் போட்டார். (அவர் கர்னல் ஆனது ஒரு மாநிலக் கவர்னர் கொடுத்த கௌரவப் பட்டத்தால். பட்டாளத்தால் அல்ல!)

டெக்ஸாஸில் ஃபோர்ட் ஹூட் முகாமில் பயிற்சி. தன்னை நம்பி வாழும் குடும்பம் உள்ள சிப்பாய் வெளியே வீடு எடுத்துத் தங்கலாம் என்று அங்கே ஒரு விதி. பெண்டாட்டி பிள்ளைகளை அழைத்து வருவதற்காக ஏற்பட்ட விதி. எல்விஸ் அம்மா, அப்பா, பாட்டி மூவரையும் அழைத்து வந்துவிட்டார்! அந்தக் கோடையில் சில வாரங்கள் கிளாடிஸ் மகனுக்குச் சமைத்துப் போட்டார். ஆனால் மகன் சீக்கிரமே கடல் தாண்டி ஜெர்மனிக்குப் போகப் போகிறான் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

ஆகஸ்ட் மாதம் ஆரம்பத்தில் அந்த அம்மாள் படுத்துவிட்டார். பழக்கமான டாக்டர் மெம்பிஸில்தான் இருக்கிறார் என்று ரயிலேற்றி அனுப்பினார்கள். ஆஸ்பத்திரியில் பார்த்தால் ஈரல் கடுமையாகக் கெட்டிருந்தது.

அக்காவிடம் இந்தக் கதையைச் சொன்னபோது இந்த இடத்தில்தான் அவள் குறுக்கிட்டாள். "ஏண்டி, அத்தனை பணம் இருந்துச்சே, முன்னாலேயே யாரும் டாக்டர்கிட்ட காட்டலையா?"

என்ன பதில் சொல்வது? ஈரல் நோய் பெரும்பாலும் சத்தம் போடாமல்தான் வருகிறது. அசதி, பசியின்மை, குமட்டல். இவற்றை எந்தக் குடும்பத் தலைவி பொருட்படுத்துகிறாள்? 'வேலை ஜாஸ்தி', 'மனசு சரியில்லே', 'வெயில்' என்று ஏதாவது காரணம் சொல்லிக் கொண்டு அடுப்படிக்குப் போய்விடுகிறோம். கண்ணின் வெள்ளை விழி மஞ்சளாகி, சிறுநீர் கறுத்த மஞ்சளாகப் போக ஆரம்பித்தால் ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது. அதற்கு முன்னாலேயே, இரண்டு வாரத்துக்கு மேல் சாப்பாடு பிடிக்காமல் துவண்டு கிடந்தால், ரத்தப் பரிசோதனை செய்து பார்த்துவிடுவது நல்லது. மஞ்சள் காமாலைக்கு மந்திரிப்பது, கைமருந்து கொடுப்பது எல்லாம் நோயை உள்ளே வளர விடுவதில் முடியலாம்.

அவசர லீவு கிடைத்து ஆகஸ்ட் 12-ஆம் தேதி எல்விஸ் வந்து சேர்ந்தார். அம்மாவின் பயத்துக்காக விமானத்தையே தவிர்த்து வந்தவர், அன்று அம்மாவைப் பார்க்க விமானத்தில்தான் வந்தார். மகனைப் பார்த்ததும் அந்த அம்மாளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்த மாதிரி இருந்தது. 13-ஆம் தேதி ராத்திரி, நீ வீட்டுக்குப் போய்த் தூங்கு என்று மகனை அனுப்பிவிட்டு அப்பா பக்கத்தில் படுத்திருந்தார். விடிவதற்கு முன்னால் வீட்டில் டெலிபோன் அடித்தது. மாரடைப்பு. கிளாடிஸுக்கு வயது 46.

அந்தத் துக்கத்தில் எல்விஸின் நிலையைப் பார்த்தவர்கள் அதை மறக்கவில்லை. ஆனாலும் ராணுவத்துக்குக் கெடு கெடுதான். லீவு முடிந்து திரும்பினார். செப்டம்பரில் கப்பலேறி அக்டோபர் 1-ஆம் தேதி ஜெர்மனியில் இறங்கினார். அப்பாவும் பாட்டியும் அங்கேயும் வந்து வீடு எடுத்துத் தங்கினார்கள். ஃப்ரீட்பெர்க் முகாமில் ஜீப் ஓட்டிக் கொண்டு, பனியில் பயிற்சி செய்து கொண்டு, குறை சொல்ல முடியாத சிப்பாயாக இருந்தார். சார்ஜெண்ட் ஆனார். 1960 மார்ச் 5-ஆம் தேதி விடுதலையாகி வந்தபோது ஊரே கொண்டாடியது. பொறுப்பில்லாத பையன் என்று ஏசியவர்கள்கூட மனம் மாறினார்கள்.

வேறு ஒன்றும் அவரோடு வந்தது. ராத்திரிப் பயிற்சியில் கண் விழித்திருக்க ஒரு சார்ஜெண்ட் மாத்திரை கொடுத்தார் என்றும், எல்விஸ் அதை விடாமல் பிடித்துக் கொண்டார் என்றும் கூட இருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அதே ஆம்ஃபெடமின்தான். அம்மா இளைக்கச் சாப்பிட்டது. பிள்ளை விழித்திருக்கச் சாப்பிட்டது. விழிக்க ஒரு மாத்திரை என்றால் தூங்க ஒரு மாத்திரை வேண்டும் அல்லவா? அப்படியே வருஷங்கள் ஓடின. 1977 ஆகஸ்ட் 16-ஆம் தேதி, அம்மா இறந்த தேதிக்கு இரண்டு நாள் கழித்து, கிரேஸ்லேண்டில் எல்விஸ் இறந்து கிடந்தார். வயது 42. பரிசோதனையில் உடம்பில் பலவித மருந்துகள் இருந்தது தெரிந்தது. எல்லாமே டாக்டர் சீட்டில் வாங்கக் கூடிய மருந்துகள்!

முதலில் ஊர்க் கல்லறையில் தாய் இருந்த இடத்திலேயே அவரையும் வைத்தார்கள். உடலைத் திருட யாரோ முயன்றார்கள் என்று பயந்து, அந்த அக்டோபரிலேயே தாயையும் மகனையும் சேர்த்துக் கிரேஸ்லேண்ட் தோட்டத்துக்கே கொண்டு வந்துவிட்டார்கள். பின்னால் அப்பாவும் பாட்டியும் அங்கேயே வந்து சேர்ந்தார்கள். இறந்தே பிறந்த ஜெஸ்ஸியின் பெயருக்கும் அங்கே ஒரு சின்னக் கல் பதித்திருக்கிறார்கள்.