ஆற்றல் உண்மையா, வெறும் கணக்கா?

கல்லைத் தொடலாம், தண்ணீரை முகக்கலாம். ஆற்றலை யாராவது கண்ணால் கண்டதுண்டா? நாம் அளப்பது நிறையையும் வேகத்தையும்தான். அவற்றிலிருந்து இயக்க ஆற்றலையும் உந்தத்தையும் கணக்கிட்டுப் பெறுகிறோம்.

சிக்கல் இதோடு முடியவில்லை. மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ரயிலில், உங்கள் அருகே 10 கிலோகிராம் பெட்டி ஒன்று இருக்கிறது. உங்களுக்கு அது அசையாத பெட்டி. அதன் இயக்க ஆற்றல் சுழி. பிளாட்பாரத்தில் நிற்பவருக்கோ அது நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் விரைகிறது. இயக்க ஆற்றல் 2000 ஜூல். இருவர் சொல்வதும் சரியே. அப்படியானால் ஆற்றல் என்பது மனிதன் எழுதிவைத்த வெறும் கணக்குதானா?

இதே கேள்வி ஒரு முறை விஞ்ஞானிகளையே திணற வைத்தது. பீட்டா சிதைவில் அணுக்கருவிலிருந்து ஓர் எலெக்ட்ரான் வெளிவருகிறது. ஒரே வகை அணுக்கருக்கள் சிதைந்தால், எலெக்ட்ரான்கள் ஒரே ஆற்றலுடன் வரவேண்டும் அல்லவா? ஆனால் அவை பலவித ஆற்றல்களுடன் வந்தன. 1927இல் எல்லிஸ், ஊஸ்டர் என்ற இருவர் பிஸ்மத்-210 சிதையும்போது உண்டாகும் வெப்பத்தை அளந்தனர். ஒரு சிதைவுக்குக் கிடைத்தது சராசரியாகச் சுமார் 3.5 லட்சம் எலெக்ட்ரான் வோல்ட். மிக வேகமான எலெக்ட்ரான்களோ 10 லட்சத்துக்கு மேல் கொண்டிருந்தன. மீதி எங்கே போயிற்று?

அணுக்கருவுக்குள் ஆற்றல் அழியா விதி பொருந்தாமல் இருக்கலாம் என்று நீல்ஸ் போர் கருதினார். பௌலி அதை ஏற்கவில்லை. மின்னூட்டமற்ற, கருவிகளுக்கு அகப்படாத துகள் ஒன்று மீதியைக் கொண்டு செல்கிறது என்று 1930இல் கூறினார். 1956இல் அமெரிக்காவில் ஓர் அணு உலையின் அருகே ரெய்ன்சும் கோவனும் அத்துகளைக் கண்டறிந்தனர். இன்று அதை எதிர்நியூட்ரினோ என்கிறோம். வெறும் கற்பனைக் கணக்காக இருந்தால், பற்று விழுந்த இடத்தில் ஒரு துகள் கிடைத்திருக்குமா?

இதன் காரணத்தை எம்மி நோதர் 1918இலேயே நிறுவியிருந்தார். இயற்கையின் விதிகள் நேற்றும் இன்றும் ஒன்றே. ஆகவே ஆற்றல் மாறுவதில்லை. இங்கும் அங்கும் ஒன்றே. ஆகவே உந்தம் மாறுவதில்லை.

ஆற்றல் பாத்திரத்தில் ஊற்றிவைக்கும் பொருள் அன்று. நம் விருப்பப்படி திருத்தி எழுதும் கணக்கும் அன்று. இயற்கையே விடாமல் கடைப்பிடிக்கும் கணக்கு அது.

நீங்களே சோதித்துப் பாருங்கள். ரயிலுக்குள் ஓய்விலுள்ள கோலிக்குண்டின்மீது, அதே நிறையுள்ள மற்றொன்று ரயில் செல்லும் திசையிலேயே நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் நேராக மோதுகிறது. மோதிய குண்டு நிற்க, ஓய்விலிருந்தது அதே வேகத்தில் ஓடுகிறது. மோதலுக்கு முன்னும் பின்னும் மொத்த ஆற்றலை, ரயிலிலிருந்தும் பிளாட்பாரத்திலிருந்தும் கணக்கிடுங்கள். இருவரின் எண்களும் வேறு. ஆனால் எவருடைய கணக்கிலாவது குறை விழுகிறதா?