ஒரு பாகம், இரண்டு வேலை

பஜாஜ் சேத்தக்கின் வலப்பக்க மூடியைக் கழற்றிப் பார்த்தால், இதில் இல்லாதவைதான் முதலில் வியப்பைத் தரும். செயின் கிடையாது. வால்வு, கேம், ஆயில் பம்ப் எதுவும் கிடையாது.

1972-ல் வந்த இந்த ஸ்கூட்டரின் வேர் இத்தாலியில் இருக்கிறது. 1946-ல் இதன் முன்னோடியான வெஸ்பா ஸ்கூட்டரை வடிவமைத்த கொராடினோ டஸ்கானியோ, ஹெலிகாப்டர் செய்து பறக்கவிட்ட விமானப் பொறியாளர். மோட்டார் சைக்கிள் அவருக்குப் பிடிக்காது. உடுப்பில் எண்ணெய் தெறிக்கும் செயினை ஒழித்தார். எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஒன்றாக்கிப் பின்சக்கரத்தைக் கியர்பாக்ஸ் தண்டிலேயே மாட்டினார். முன்சக்கரத்துக்கு, விமானச் சக்கரத்தைப்போல, ஒரு பக்கம் மட்டும் பிடிமானம் வைத்தார். பஞ்சரானால் நட்டுகளைக் கழற்றி ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம்.

அதே சிக்கனம் எஞ்சினுக்குள்ளும் உண்டு. சேத்தக்கின் எஞ்சின் 145.45 சி.சி.; சிலிண்டரின் விட்டமும் பிஸ்டன் ஓடும் தூரமும் ஒரே அளவு, 57 மி.மீ. பிஸ்டன் மேலே ஏறும்போது கீழே கிராங்க் அறைக்குள் பெட்ரோல்–காற்றுக் கலவை இழுக்கப்படுகிறது. சுழலும் கிராங்கின் விளிம்பே அந்த வழியைத் திறந்து மூடுகிறது. பிஸ்டன் இறங்கும்போது கலவை நெருக்கப்பட்டு, சிலிண்டர் சுவரிலுள்ள துளைகள் வழியே மேலே பாய்கிறது. அந்தத் துளைகளுக்குக் கதவும் பிஸ்டனேதான். ஃப்ளைவீல் மின்சாரம் தருகிறது, தன் இறக்கைகளால் சிலிண்டருக்குக் காற்றும் வீசுகிறது.

ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் கலவை எரியும். டூ ஸ்ட்ரோக்கான இதில் சுற்றுக்குச் சுற்று எரியும். நிமிடத்துக்கு 5,500 சுற்று என்றால் நொடிக்குச் சுமார் 92 முறை. இத்தனை சிறிய எஞ்சின் ஒரு குடும்பத்தையே மேட்டில் ஏற்றியதன் ரகசியம் இதுதான்.

அதற்குக் கொடுக்கும் விலையும் இங்கேதான். உள்ளே பாயும் புதுக்கலவைதான் எரிந்த புகையைத் துடைப்பம்போல வெளியே தள்ளுகிறது. குப்பையோடு துடைப்பத்தில் ஒரு பகுதியும் வாசலுக்கு வெளியே போய்விடுகிறது. அது எரியாத பெட்ரோல். லிட்டர் பெட்ரோலுக்கு 20 மி.லி. கலந்த 2டி (டூ ஸ்ட்ரோக்) ஆயிலும் கூடவே எரிந்து நீலப்புகையாகிறது, சைலன்சருக்குள் கரியாகப் படிகிறது. வண்டி நிற்க, எஞ்சின் மட்டும் ஓடும்போது ‘டர்... டட்... டர்’ என்று தடுமாறுவதற்கும் காரணம் உண்டு. ஆக்ஸிலேட்டர் மூடியிருக்கையில் புதுக்கலவை குறைவு, பழைய புகை முழுதாக வெளியேறாது. ஒரு பொறி வீணாகி, அடுத்தது பற்றிக்கொள்ளும்.

புகை விதிகள் இறுக இறுக இந்த எஞ்சின் சாலையை விட்டு விலகியது. நகரத்துக் காற்றை நினைத்தால் அது சரியே. ஆனால், ஒரு பாகத்தையும் சும்மா இருக்க விடாத இந்த வடிவமைப்பை ஐ.டி.ஐ. மாணவர்கள் ஒருமுறையாவது பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

வண்டியை இன்றும் பேணி ஓட்டுபவர்கள் மலைப்பாதையில் கவனமாக இருக்க வேண்டும். ஆக்ஸிலேட்டரை மூடிவிட்டு, கியரிலேயே நெடுந்தூரம் இறங்கினால் எஞ்சின் வேகமாகச் சுழலும்; பெட்ரோலோ சொட்டுச் சொட்டாகத்தான் வரும். பெட்ரோல் வராவிட்டால் ஆயிலும் வராது. பிஸ்டன் காய்ந்து ஜாம் ஆகிவிடும். அப்புறம் சிலிண்டரைக் கடைந்து போர் அடிக்க வேண்டியதுதான். இறக்கத்தில் அவ்வப்போது கிளட்சைப் பிடித்து, ஆக்ஸிலேட்டரை ஒருமுறை முறுக்கி விட்டால் போதும்.