கல்தச்சர் வீட்டு ரகசியம்! மாதா கோவில் ரிஜிஸ்தர் காட்டிக் கொடுத்தது

கல்யாணம் நடந்த தேதி: 1839 டிசம்பர் 22.

குழந்தை பிறந்த தேதி: 1840 ஜூன் 2.

இரண்டுக்கும் நடுவே 5 மாதம் 11 நாள்தான்!

மாப்பிள்ளை, வீடு கட்டும் கல்தச்சர். மணப்பெண், பெரிய வீடுகளில் சமையல் வேலை பார்த்தவள். கல்யாணம் நடந்த இடம், இங்கிலாந்தில் டார்செட் மாவட்டத்தில் உள்ள மெல்பரி ஆஸ்மண்ட் கிராமத்து மாதா கோவில்.

பிறந்த குழந்தை யார் தெரியுமா? உலகப் புகழ் பெற்ற நாவலாசிரியர் தாமஸ் ஹார்டி!

பிறந்தபோது குழந்தை அசையவில்லை. "செத்துப் பிறந்துவிட்டது" என்று டாக்டர் ஒதுக்கி வைத்துவிட்டார். பக்கத்தில் இருந்த தாதிதான் உயிர் இருப்பதைக் கண்டுபிடித்தாள். அந்தக் குழந்தை 87 வயது வரை வாழ்ந்தது!

தீயில் போட்டார்

வயதான காலத்தில் ஹார்டிக்கு ஒரு கவலை. தன் குடும்பக் கதையை யாரும் கிளறக் கூடாது என்று நினைத்தார். பழைய கடிதங்களையும் குறிப்புகளையும் தீயில் போட்டுக் கொளுத்தினார்.

அதோடு விடவில்லை. தன் வாழ்க்கை வரலாற்றைத் தானே எழுதினார். மனைவி புளோரன்ஸ் எழுதியது போல வெளியிட ஏற்பாடு செய்தார். அவர் 1928-ல் இறந்தார். புத்தகம் 1928-லும் 1930-லுமாக 2 பாகமாக வெளிவந்தது. பல வருஷம் கழித்துத்தான் குட்டு வெளிப்பட்டது.

எல்லாவற்றையும் எரித்தவரால், ஒன்றை மட்டும் எரிக்க முடியவில்லை. அதுதான் மாதா கோவில் ரிஜிஸ்தர்!

அந்தக் காலத்து இங்கிலாந்து கிராமங்களில் இப்படி அவசரக் கல்யாணம் நடப்பது புதிதல்ல. ஆனால் புகழ் பெற்ற பிறகு பழைய கதை வெளியே வந்தால் யாருக்குத்தான் சங்கடம் இருக்காது?

தாத்தாவைத் தேடுகிறார்கள்

இங்கிலாந்தில் இப்போது ஆயிரக்கணக்கானவர்கள் தாத்தாவின் தாத்தாவைத் தேடிக் கொண்டிருக்கிறார்கள். ராஜா, பிரபு வீட்டுப் பிள்ளைகளுக்கு அது சுலபம். வம்சாவளி வீட்டிலேயே இருக்கும்.

கூலிக்குக் கல் செதுக்கியவன் குடும்பம் என்ன செய்யும்? அவன் டைரி எழுதவில்லை. கையெழுத்தே போடத் தெரியாது. பெருக்கல் குறி போட்டான்.

ஆனாலும் அவன் பெயர் இருக்கிறது. அவன் எழுதி வைக்கவில்லை. பாதிரியார் எழுதினார். வரி வாங்கியவர் எழுதினார். மாஜிஸ்டிரேட்டு எழுதினார். சங்கத்து செயலாளர் எழுதினார்.

2 பூட்டு, 2 சாவி

இதை ஆரம்பித்து வைத்தவர் தாமஸ் குரோம்வெல். 8-ம் ஹென்றி மன்னரின் மந்திரி. 1538-ல் அவர் ஒரு உத்தரவு போட்டார். "ஒவ்வொரு மாதா கோவிலிலும் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றையும் வாராவாரம் எழுத வேண்டும். புத்தகத்தை 2 பூட்டு போட்ட பெட்டியில் வைக்க வேண்டும்" என்றார். ஒரு சாவி பாதிரியாரிடம். இன்னொன்று கோவில் நிர்வாகிகளிடம்.

ஜனங்கள் பயந்து போனார்கள். "புது வரி போடத்தான் கணக்கெடுக்கிறான்" என்று பேசிக்கொண்டார்கள். 2 வருஷத்தில் குரோம்வெல்லின் தலை போய்விட்டது. மன்னரே வெட்டச் சொல்லிவிட்டார். அவர் ஆரம்பித்த ரிஜிஸ்தர் மட்டும் நிலைத்து விட்டது.

1598 முதல் ஒவ்வொரு வருஷமும் ஒரு நகல் எடுத்து பிஷப்புக்கு அனுப்பவும் ஏற்பாடு ஆயிற்று. அசல் புத்தகத்தை எலி தின்றாலும் நகலில் பெயர் கிடைக்கும். கிராமத்துப் பழைய ரிஜிஸ்தர்கள் இப்போது பெரும்பாலும் மாவட்ட ஆவணக் காப்பகங்களில் பத்திரமாக இருக்கின்றன.

ஏமாந்து போகாதே!

ரிஜிஸ்தரை அப்படியே நம்பினாலும் ஆபத்து. பல பொறிகள் இருக்கின்றன.

1. அதில் இருப்பது ஞானஸ்நானத் தேதி. பிறந்த தேதி அல்ல. 4 பிள்ளைகளுக்கு ஒரே நாளில் ஞானஸ்நானம் கொடுத்த குடும்பமும் உண்டு. இரட்டைப் பிள்ளை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

2. 1752-க்கு முன்பு இங்கிலாந்தில் வருஷப் பிறப்பு மார்ச் 25. ஒரு குழந்தை 1720 அக்டோபரில் பிறந்து, 1720 பிப்ரவரியில் இறந்ததாக எழுதியிருக்கும். பிறக்கும் முன்பே எப்படிச் சாகும் என்று திகைக்க வேண்டாம். அந்த பிப்ரவரி, நம் கணக்கில் 1721!

3. 1783-ல் அரசாங்கம் ஒவ்வொரு பதிவுக்கும் 3 பென்ஸ் வரி போட்டது. பரம ஏழைக்கு மட்டும் விலக்கு. உடனே ஊரில் ஏழைகள் பெருகிவிட்டார்கள்! 1794-ல் வரி எடுக்கப்பட்டது. நடுவில் உள்ள 11 வருஷத்தில் முப்பாட்டன் பெயருக்குப் பக்கத்தில் "ஏழை" என்று இருந்தால், அவர் நிஜமாகவே ஏழையா, 3 பென்ஸ் மிச்சம் பிடித்தவரா என்று யோசிக்க வேண்டும்.

4. தகப்பன் பெயர் தெரியாத குழந்தைக்கு, பாதிரியார் தயவு தாட்சண்யம் இல்லாமல் அதை அப்படியே எழுதிவிடுவார். 200 வருஷம் கழித்துப் படிக்கிற பேரனுக்குத்தான் தூக்கிவாரிப் போடும்.

1754 முதல் கல்யாணப் பதிவில் மாப்பிள்ளையும் பெண்ணும் கையெழுத்தோ, கைக்குறியோ போட வேண்டும் என்று சட்டம் வந்தது. 1813 முதல் ஞானஸ்நானத்துக்கு அச்சடித்த படிவம் வந்தது. அதில் தகப்பனின் தொழிலைக் கேட்டார்கள். "கல்தச்சர்" என்ற வார்த்தை பல குடும்பங்களில் முதல் முறையாகத் தலை காட்டுவது அங்கேதான்.

கல் பேசுமா?

இங்கிலாந்தின் பழைய மாதா கோவில் சுவர்களில் அம்பு, நட்சத்திரம், முக்கோணம் என்று சின்னச் சின்னக் குறிகள் இருக்கும். தான் செதுக்கிய கல் எது என்று காட்ட, கல்தச்சர் போட்ட அடையாளம். எண்ணிப் பார்த்துக் கூலி கொடுக்க உதவும். ஆனால் இந்தக் குறி இன்னாருடையது என்று சொல்லும் பட்டியல் அநேகமாகக் கிடையாது. குறியை மட்டும் வைத்துக் கொண்டு "இது எங்க தாத்தா" என்று சொல்ல முடியாது.

கணக்குச் சுருள் கிடைத்தால் அதிர்ஷ்டம். எக்ஸெட்டர் பெரிய கோவிலில் 1279 முதல் 1353 வரை கட்டட வேலைக் கணக்கு இருக்கிறது. வேலை செய்தவர் பெயர்களும் கொடுத்த கூலியும் அதில் உண்டு.

1710 முதல் 1811 வரை, தொழில் பழக வரும் பையனிடம் குரு வாங்கிய பணத்துக்கு வரி இருந்தது. அந்த வரி ஏட்டில் குருவின் பெயர், ஊர், தொழில், பையன் பெயர் எல்லாம் உண்டு. அப்பாவிடமே தொழில் கற்றவன் பெயர் மட்டும் அதில் வராது. அப்பாவுக்கு யார் பணம் கொடுப்பார்கள்?

கல்தச்சர் ஓர் ஊரில் நிற்கமாட்டார். வேலை இருக்கும் ஊருக்கு நடந்தே போவார். அங்கே வேலை போய்ப் பட்டினி கிடந்தால், 1662-ம் வருஷத்துச் சட்டப்படி சொந்த ஊருக்கு விரட்டுவார்கள். விரட்டும் முன்பு மாஜிஸ்டிரேட்டு விசாரிப்பார். "எங்கே பிறந்தாய்? யாரிடம் தொழில் கற்றாய்? எத்தனை வருஷம்? என்ன கூலி?" சொன்னதை எல்லாம் குமாஸ்தா எழுதிக் கொள்வார். விரட்டப்பட்ட ஏழையின் சுயசரிதை அதுதான்!

1830-களில் கல்தச்சர்கள் சங்கம் அமைத்தார்கள். 15 நாளுக்கு ஒரு முறை அச்சடித்த அறிக்கை போட்டார்கள். புதிதாகச் சேர்ந்தவர், வேலை தேடி வழிநடை போனவர், விபத்தில் சிக்கியவர் விவரம் அதில் வரும். வேலை நிறுத்தத்தை உடைத்தவர் பெயரும் வரும்! 1841 செப்டம்பரில் லண்டன் பாராளுமன்றக் கட்டடத்தில் ஒரு மேஸ்திரியின் கொடுமையை எதிர்த்துக் கல்தச்சர்கள் வேலையை நிறுத்தினார்கள். போராட்டம் 1842 வரை நீடித்தது. இந்தச் சங்க ஏடுகள் வாரிக் பல்கலைக்கழக ஆவண மையத்தில் இருக்கின்றன.

ஒரு ராத்தல் மிளகு

ஹார்டி பிறந்த அதே டார்செட்டில் பர்பெக் என்ற கல் குவாரிப் பகுதி இருக்கிறது. அங்கே கல் எடுக்கும் உரிமை பரம்பரை உரிமை. அப்பன் சங்கத்தில் இருந்தால்தான் மகன் சேரலாம். வருஷா வருஷம் தவக்காலம் துவங்குவதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை கோர்ப் கேசில் என்ற ஊரில் கூடுவார்கள். புதிதாகச் சேருகிறவன் 6 ஷில்லிங் 8 பென்ஸும் ஒரு ரொட்டியும் ஒரு குவளை பீரும் கொண்டு வரவேண்டும். பிறகு, கல் ஏற்றிய பழைய துறைமுகத்துக்கு வழிப் பாத்தியதை தப்பாமல் இருக்க ஒரு ராத்தல் மிளகு கொடுப்பார்கள்! இப்படிப்பட்ட ஊரில் "நான் இன்னார் மகன்" என்று நிரூபிப்பது வெறும் பெருமை அல்ல. அதில்தான் பிழைப்பே இருந்தது.

எரிந்த கணக்கு

1837 ஜூலை 1 முதல் பிறப்பு, இறப்பு, கல்யாணம் மூன்றையும் அரசாங்கமே பதிவு செய்கிறது. 1841 முதல் ஜனத்தொகைக் கணக்கில் வீட்டில் உள்ள ஒவ்வொருவர் பெயரும் உண்டு. 100 வருஷம் கழித்துத்தான் பார்க்க விடுவார்கள். 1921-ம் வருஷத்துக் கணக்கு 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. அடுத்தது 1931. அதற்காகக் காத்திருக்க வேண்டாம். 1942-ல் நடந்த தீ விபத்தில் அது முழுவதும் சாம்பலாகிவிட்டது!

கல்லறையை நம்பலாமா?

ஹார்டி இளைஞராக இருந்தபோது லண்டனில் ஒரு கட்டடக் கலைஞரிடம் வேலை பார்த்தார். ரெயில் பாதை போடுவதற்காகப் பழைய செயின்ட் பாங்க்ரஸ் இடுகாட்டைத் தோண்டினார்கள். எலும்புகளை முறைப்படி எடுக்கிறார்களா என்று மேற்பார்வை பார்க்கும் வேலை ஹார்டிக்கு வந்தது. அங்கே ஒரு மரத்தடியில் கல்லறைக் கற்களை வட்டமாக நெருக்கி அடுக்கி வைத்திருந்தார்கள். "ஹார்டி மரம்" என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. 2022 டிசம்பரில் அந்த மரம் சாய்ந்தது.

கல் இருக்கும் இடத்தில் உடல் இருக்கும் என்று சொல்ல முடியாது. சென்னைக் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி ஆலயத்திலும் இதே கதைதான். சுற்றிலும் தரையில் பதித்திருக்கும் கற்கள் பழைய இடுகாட்டில் இருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டவை. 1680-ல் திறந்த கோவில் அது. 1753-ல் ராபர்ட் கிளைவுக்குக் கல்யாணம் நடந்ததும் அங்கேதான். கம்பெனி வேலைக்குக் கப்பல் ஏறிய பாட்டனைத் தேடும் வெள்ளைக்காரக் குடும்பங்களுக்கு, கிராமத்து ரிஜிஸ்தரில் அறுந்த நூல் சென்னை ரிஜிஸ்தரில் கிடைப்பது உண்டு.

ஹார்டியின் சமாதியிலும் குழப்பம்தான். அஸ்தி லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில். இதயம் மட்டும் சொந்த ஊர் ஸ்டின்ஸ்போர்டு மாதா கோவிலில். ஒரு மனிதர், 2 சமாதி!

பாதிரியார் சொன்ன சேதி

பரம்பரையைத் தோண்டினால் என்ன ஆகும் என்று ஹார்டிக்கு நன்றாகத் தெரியும். 1891-ல் வந்த அவரது "டெஸ்" நாவலே அப்படித்தான் துவங்குகிறது. வழியில் போகிற ஏழை ஒருவனிடம், "நீ பெரிய பிரபு வம்சமப்பா" என்று ஒரு பாதிரியார் சொல்லிவிடுகிறார். அந்த ஒரு சேதியால் அவன் மகள் டெஸ்ஸின் வாழ்வே பாழாகிறது.

1895-ல் எழுதிய "ஜூட்" நாவலின் கதாநாயகன் ஒரு கல்தச்சன். அவனுக்கு ஹார்டி வைத்த குடும்பப் பெயர் பாலி. அது ஹார்டியின் பாட்டி மேரி ஹெட் பிறந்த ஊரின் பெயர்! காகிதத்தை எரித்தவர், பாட்டியின் ஊரைக் கதைக்குள் வைத்துக் காப்பாற்றி இருக்கிறார்.

தாய் பெயர் எங்கே?

1837 முதல் இங்கிலாந்துக் கல்யாண ரிஜிஸ்தரில் இரண்டு தகப்பன்மார் பெயரும் தொழிலும் கேட்டார்கள். தாய் பெயரைக் கேட்கவே இல்லை! 1839-ல் ஹார்டியின் பெற்றோர் கைப்பிடித்த ரிஜிஸ்தரிலும் தாய்மாருக்குக் கட்டம் கிடையாது. பெற்று வளர்த்தவள், கூலி வேலை செய்தவள், ஊர் வாய்க்கு ஆளானவள் எல்லாம் அவள்தான். மகன் கல்யாணத்தில் அவளுக்கு ஒரு வரி இடம் இல்லை.

184 வருஷம் கழித்து, 2021 மே 4-ந் தேதி அந்த விதி மாறியது. இப்போது தாய் பெயரும் எழுதப்படுகிறது. இனி 100 வருஷம் கழித்துத் தேடப்போகிற பேரப் பிள்ளைகளுக்குப் பாட்டியைக் கண்டுபிடிப்பது கொஞ்சம் சுலபம்.