முகவரிப் பட்டியலும் செய்தி மடலும்

ஓலை விடுத்த காலம் முதல் மின்னஞ்சல் விடுக்கும் இக்காலம் வரை, மடல் அனுப்புவோர் முதலில் விடை காணவேண்டிய வினா ஒன்றே: யார் யாருக்கு? கலீஃபா உமர் (ரலி) அவர்கள், அரசுக் கருவூலத்திலிருந்து உதவித்தொகை பெறுவோரின் பெயர்களைக் குறிக்கத் 'திவான்' என்னும் பதிவேட்டை நிறுவியபோது, குலமரபு நன்கறிந்த மூவரை அப்பணிக்கென நியமித்தார்கள். குழந்தை பால்குடி மறந்த பின்னரே அதற்குரிய தொகை வழங்கப்படும் என்றிருந்த விதி, தாய்மார் விரைந்து பால் மறக்கச் செய்வதற்குக் காரணமாயிற்று என அறிந்ததும், பிறந்தவுடனேயே பெயரைப் பதியுமாறு ஆணையிட்டார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் குறிப்பர். ஒரு பெயர் பட்டியலில் எப்போது ஏறவேண்டும் என்னும் சிறு விதி, வீட்டுத் தொட்டில் வரை சென்று தைத்திருக்கிறது.

இன்று கல்லூரிகளின் முன்னாள் மாணவர் சங்கங்களும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் கல்வி அறக்கட்டளைகளும் மின்னஞ்சல் வழியே செய்தி மடல் அனுப்புகின்றன. மடலை எழுதுவதற்கு ஆசிரியர் குழு உண்டு; அச்சழகுக்கு ஆள் உண்டு. முகவரிப் பட்டியலோ யாரோ ஒருவருடைய கணினியில் கவனிப்பாரற்றுக் கிடக்கிறது. ஏழை மாணவர்க்கான உதவித்தொகை விண்ணப்பத்தின் இறுதி நாளை அறிவிக்கும் மடல், உரியவரைச் சேராது போவதற்குப் பெரும்பாலும் இப்பட்டியலே காரணம்.

1978 மே மாதத்தில், அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மெண்ட் நிறுவனத்தைச் சேர்ந்த கேரி துர்க் என்பார், அர்ப்பாநெட் வலையமைப்பில் இருந்த ஏறக்குறைய 400 பேருக்கு ஒரே விளம்பர அஞ்சலை அனுப்பினார். முகவரிகள் அச்சிட்ட கையேட்டிலிருந்து எடுத்துத் தட்டச்சு செய்யப்பட்டவை. அவை முகவரிக்குரிய இடத்தை நிறைத்துவிட்டு வழிந்து, கடிதத்தின் உள்ளேயும் புகுந்துவிட்டன. கேளாதார்க்கு மொத்தமாக அனுப்பப்பட்ட முதல் அஞ்சல் என்று இன்றும் பேசப்படுவது இதுவே. இரு பிழைகளும் அன்றே உடன் தோன்றிவிட்டன: ஒன்று, இசைவு பெறாமை, மற்றொன்று, பட்டியலைக் கையாளத் தெரியாமை. பெயர் சேர்த்தலையும் நீக்கலையும் மனிதர் கைப்படச் செய்துவந்த நிலையை மாற்றி, அவற்றைத் தானே செய்யும் 'லிஸ்ட்செர்வ்' என்னும் மென்பொருளை 1986இல் உருவாக்கியவர் பாரிசில் பொறியியல் பயின்ற எரிக் தாமஸ்.

மென்பொருள் எத்துணை வளர்ந்தாலும், நம் பெயர்களை அது அறியாது. இங்குச் சற்று நிற்கவேண்டும். மேலைநாட்டு மென்பொருள்கள் முதற்பெயர், குடும்பப்பெயர் என இரு கட்டங்களை வைத்திருக்கின்றன. நம்மவர்க்கோ முன்னெழுத்து உண்டு. குடும்பப்பெயர் பெரும்பாலும் இல்லை. எம். சாகுல் ஹமீது என்பாரை அம்மென்பொருள் இரண்டாகப் பிளந்து, 'அன்புள்ள எம்' என்று விளிக்கும். முகம்மது என்று தொடங்கும் பெயருடையார் அனைவரையும் 'அன்புள்ள முகம்மது' என்று ஒரே குரலில் அழைக்கும். அப்பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது முதல் உயிர் 'ஓ'வா 'யூ'வா, நடுவில் 'எம்' ஒன்றா இரண்டா, இறுதி உயிர் 'ஏ'யா 'இ'யா என்று ஆளுக்கொரு வழக்கம். சேர்க்கைப் படிவத்தில் ஒரு விதமாகவும் கடவுச்சீட்டில் வேறு விதமாகவும் எழுதியவர்கள் பலர். ஆகவே பெயரை வைத்து இரட்டைப் பதிவுகளைக் களைய முற்பட்டால், ஒருவர் இருவராவதும் இருவர் ஒருவராவதும் நேரும். மின்னஞ்சல் முகவரியையே அடையாளமாகக் கொள்ளுதல் வேண்டும். அதிலும் ஒரு நுட்பம்: ஜிமெயில் தன் முகவரிகளில் பெயருக்கு இடையே வரும் புள்ளிகளைக் கணக்கில் கொள்வதில்லை; புள்ளி வைத்ததும் வைக்காததும் ஒரே பெட்டிக்கே செல்லும். பெயருக்கெனப் பதிவேட்டில் முழுப்பெயர், முன்னெழுத்து, 'விளிக்கும் பெயர்' என மூன்று கட்டங்கள் வைத்து, மூன்றாவதை உரியவரிடமே கேட்டு நிரப்புதல் நன்று. தமிழில் பெயரைப் பதிவோர் கோப்பினை யூனிகோடு முறையில், யூ.டி.எஃப்-8 என்னும் அமைப்பிற் சேமிக்கத் தவறினால் பெயர்கள் வெறும் கேள்விக்குறிகளாகிவிடும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த பட்டியல்களை முதலில் யூனிகோடுக்கு மாற்றிய பின்னரே சேர்க்கவேண்டும்.

அடுத்தது இசைவு. கருத்தரங்கில் கையொப்பமிட்ட தாளிலிருந்து முகவரிகளைப் பெயர்த்தெழுதிக்கொள்வது நம்மிடையே பெருவழக்கு. வருகைப் பதிவுக்குக் கொடுத்த முகவரி மடலுக்குக் கொடுத்ததாகாது. இந்திய நாடாளுமன்றம் 2023இல் இயற்றிய எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், இசைவு என்பது தடையின்றி, குறித்த நோக்கத்திற்காக, அறிந்து வழங்கப்படவேண்டும் என்கிறது. அதனைத் திரும்பப் பெறுவதும் கொடுத்ததைப் போலவே எளிதாக இருத்தல் வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாதாரின் தரவுக்குப் பெற்றோரின் இசைவு தேவை என்பதால், பதினேழு வயதில் வந்து சேரும் முதலாண்டு மாணவரைப் பற்றிக் கல்லூரிகள் தனியே எண்ணிப்பார்க்க வேண்டியிருக்கிறது. நடைமுறையில் சிறந்த வழி, பெயர் கொடுத்தவருக்கு உறுதிசெய்யும் அஞ்சல் ஒன்றை விடுத்து, அதிலுள்ள இணைப்பை அவர் சொடுக்கிய பிறகே சேர்ப்பதாகும். எழுத்து மாற்றி எழுதப்பட்ட முகவரிகளும் பிறர் விளையாட்டாகக் கொடுத்த முகவரிகளும் வாயிலிலேயே நின்றுவிடும். எந்நாளில், எவ்வழியாக இசைந்தார் என்பதற்கும் ஒரு கட்டம் இருக்கட்டும்.

யான் அறிந்த ஒரு சங்கத்தில் நிகழ்ந்ததைச் சொல்லியாகவேண்டும். ஆர்வமிக்க செயலாளர் ஒருவர் சில நூறு முகவரிகளை 'பெறுநர்' என்னும் இடத்தில் வெளிப்படையாக இட்டு ஆண்டுவிழா அழைப்பை அனுப்பிவிட்டார். பெற்றவர் அனைவர் கையிலும் ஏனையோர் முகவரி முழுவதும் சேர்ந்தது. சில வாரங்களில், சங்கத்தின் பெயரைச் சொல்லி, நோயுற்ற உறுப்பினர் ஒருவருக்கு மருத்துவ உதவி வேண்டும் என்னும் பொய்யான வேண்டுகோள் அம்முகவரிகளுக்கெல்லாம் போயிற்று. வெளிநாட்டில் உழைக்கும் சிலர் பணமும் அனுப்பிவிட்டனர். நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட முகவரி அமானிதம் என்பதைச் செயலாளர் அறியாதவரல்லர். எந்தக் கட்டத்தில் எழுதவேண்டும் என்பதையே அறியாதிருந்தார். 'பி.சி.சி.' என்னும் மறைபடிக் கட்டம் சிறு குழுவிற்குப் போதும். பட்டியல் பெருகினால் அதுவும் உதவாது. தனிநபர் ஜிமெயில் கணக்கிலிருந்து ஒரு நாளில் 500 பேருக்கு மேல் அனுப்ப இயலாது. ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே விடுக்கும் மடற்சேவை ஒன்றை நாடுவதே முறை.

அங்கும் ஒரு வாயில் இருக்கிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அரசர்களுக்கு மடல் எழுத நாடியபோது, முத்திரையில்லாத மடலை அவர்கள் படிக்கமாட்டார்கள் எனச் சொல்லப்பட, வெள்ளியில் முத்திரை மோதிரம் செய்துகொண்டார்கள். இன்றைய அஞ்சல் வழங்கிகளும் அவ்வரசர்களைப் போன்றவையே. 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும் மொத்தமாக அனுப்புவோரிடம் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் என்னும் மூன்று சான்றுகளைக் கேட்கின்றன. முதலாவது, இந்தத் தளப்பெயரின் சார்பில் எந்த வழங்கிகள் அனுப்பலாம் என்னும் பட்டியல்; இரண்டாவது, மடலின் மீது இடப்படும் மறைகுறி முத்திரை; மூன்றாவது, முத்திரை பொருந்தாவிடில் மடலை என்செய்வது என்னும் கட்டளை. ஒருவருடைய சொந்த ஜிமெயில் முகவரியை அனுப்புநராகக் காட்டி வேறொரு சேவை வழியாக அனுப்பினால் முத்திரை பொருந்தாது. சங்கத்திற்கெனத் தளப்பெயர் வாங்குவது இதனாலேயே இன்றியமையாததாகிறது.

ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5000 மடல்களுக்கு மேல் அனுப்புவோர், ஒரே சொடுக்கில் விலகும் வசதியையும் தரவேண்டும். விலகும் வழி தெரியாத வாசகர் 'ஸ்பேம்' என்னும் பொத்தானை அழுத்திவிடுவார். அத்தகைய முறையீடு ஆயிரத்துக்கு மூன்று என்னும் அளவை எட்டக்கூடாது என்பது கூகுளின் வரையறை. வெறுப்புற்ற மூவர், விரும்பிப் படிக்கும் ஏனையோரின் மடலையும் குப்பைக் கூடைக்குத் தள்ளிவிட முடியும். ஆகவே விலகும் இணைப்பைப் பொடி எழுத்தில் ஒளித்துவைப்பது தன் வீட்டுக் கூரையில் தானே தீ வைப்பதாகும்.

திரும்பி வரும் அஞ்சல்களையும் படிக்கவேண்டும். அவற்றில் உள்ள எண் 4இல் தொடங்கினால் தற்காலிகத் தடை. பெட்டி நிறைந்திருக்கலாம், பொறுத்திருந்து மீண்டும் அனுப்பலாம். 5இல் தொடங்கினால் பெரும்பாலும் அம்முகவரியே இல்லை. அனுப்புவதை உடனே நிறுத்தவேண்டும். யாஹூ நிறுவனம் 2013இல், நெடுநாள் பயன்படாத பயனர் பெயர்களை வேறு ஆட்களுக்கு வழங்க முற்பட்டது. கூகுள் 2023 டிசம்பர் முதல், இரண்டாண்டு பயன்படாத தனிநபர் கணக்குகளை நீக்கத் தொடங்கியது. பத்தாண்டுக்கு முந்தைய பட்டியலைத் தூசி தட்டி அப்படியே அனுப்பினால், இல்லாதவர்க்கும் அறியாதவர்க்கும் மடல் போகும். அனுப்புநரின் நன்மதிப்பும் அத்துடன் போகும்.

இறுதியாக, நீக்கம் பற்றி ஒன்று. விலகியவரின் பெயரைப் பட்டியலிலிருந்து அடியோடு அழித்துவிடுவதே முறை எனப் பலர் கருதுகின்றனர். புதிய செயலாளர் வந்து, பழைய எக்செல் கோப்பை மீண்டும் ஏற்றும்போது அப்பெயர் உயிர்பெற்று எழும். விலகியவர் சினம் கொள்வார். மறைந்தவராயின், வஃபாத்தான கணவரின் பெயருக்குப் பெருநாள் வாழ்த்து வந்திருப்பதை அவருடைய பெட்டியைத் திறந்து பார்க்கும் மனைவி படிக்க நேரும். எனவே முகவரியை மட்டும் 'அனுப்பலாகாதோர்' என்னும் தனிப் பட்டியலில் நிறுத்தி, ஏனைய விவரங்களை நீக்கிவிட்டு, ஒவ்வொரு முறை கோப்பை ஏற்றும்போதும் அதனோடு ஒப்பிடவேண்டும். பொறுப்பு மாறும் நாளில் கடவுச்சொல்லுடன் இப்பட்டியலையும் கையளித்து, பழைய பொறுப்பாளரின் கணினியில் உள்ள படிகளை அவர் முன்னிலையிலேயே அழித்துவிடுதல் வேண்டும்.