முதுகு ஒடிந்தவர் மலையை வென்றார்!

சிறுவனுக்கு வயது 9. முதுகில் பலத்த அடி. 22 வயதில் ஆபரேஷன். முதுகெலும்பில் இருந்து 2 தட்டுகளை எடுத்து விட்டார்கள். கட்டாய ராணுவ சேவைக்குக் கூட "லாயக்கு இல்லை" என்று ஒதுக்கப்பட்டவர் அவர்.

அவர்தான் பிறகு மலை ஓட்டத்தில் மன்னர் ஆனார்!

அவர் பெயர் ஜாஸ் நெய்லர். இங்கிலாந்தில், வாஸ்டேல் பள்ளத்தாக்கில் 1936-ம் ஆண்டு பிறந்தார். தொழில், ஆடு வளர்ப்பு. இங்கிலாந்திலேயே உயரமான ஸ்காபெல் பைக் சிகரம் (978 மீட்டர்) அவர் ஊருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

ஆடுகளே குரு!

மலை உச்சியில் வேலி கிடையாது. ஆடுகள் இஷ்டம் போல் மேயும். அவற்றைத் திரட்ட, செங்குத்தான சரிவில் ஏறி இறங்க வேண்டும். அதுவே அவருக்குப் பயிற்சி!

1960-ல் ஊரிலேயே ஒரு மலை ஓட்டப் பந்தயம் நடந்தது. வேலைக்குப் போடும் பூட்சுடன் அதில் ஓடினார். அது முதல் அவர் ஓட்டம் நிற்கவில்லை.

72 சிகரம்

1975-ல் 24 மணி நேரத்துக்குள் 72 சிகரங்கள் ஏறி இறங்கினார்.

50 வயதில், 1986-ல், 214 சிகரங்கள்! பிடித்த நேரம் 7 நாள், 1 மணி, 25 நிமிடம். அந்தச் சாதனையை 2014 வரை யாரும் முறியடிக்கவில்லை.

வயது 70 ஆனது. ஓய்ந்தாரா? இல்லை. வயதுக்கு ஒன்றாக 70 சிகரங்கள் ஓடினார்!

2024-ம் ஆண்டு, 88-வது வயதில் காலமானார்.

ஆனால் ஒன்று. ஒரே நாளில் அவர் மலை ஏறவில்லை. பிள்ளைப் பருவம் முதல், தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிய கால்கள் அவை.