பொம்மைக் கட்டையில் ஒரு திண்ணை வீடு!

திருவண்ணாமலையில் தேரடியிலிருந்து இரண்டு திருப்பம் தள்ளி ஒரு சந்து. அங்கேதான் எங்கள் வீடு. 18 அடி அகலம், 90 அடி நீளம். வாசலில் நின்றால் கொல்லைக் கதவு தெரியும். திண்ணை, நடை, முற்றம், கூடம், நெல் அறை, சமையல்கட்டு, கிணறு என்று ரயில் பெட்டி மாதிரி வரிசையாகப் போகும். முன்பக்கம் மட்டும் மேலே ஒரு மெத்தை. பாகப்பிரிவினை முடிந்துவிட்டது. தை பிறந்ததும் இடித்துவிட்டு லாட்ஜ் கட்டப் போகிறார்கள். கிரிவலக் கூட்டம் பெருகிய ஊரில் இது புதுச் செய்தி இல்லை.

எட்டாவது படிக்கும் என் அக்கா மகன் போன லீவில் டேப்பும் கணக்கு நோட்டுமாக வந்து நின்றான். "மாமா, இந்த வீட்டை நான் லெகோவில கட்டப் போறேன். மாடுலர் பில்டிங்!"

எனக்கு லெகோ தெரியும், மாடுலர் தெரியாது. அவன்தான் விளக்கினான். நம் டிபன் கேரியரை நினைத்துக்கொண்டால் போதும். ஒவ்வொரு மாடியும் ஓர் அடுக்கு. கூரையைத் தூக்கினால் மெத்தை, மெத்தையைத் தூக்கினால் கீழ்வீடு, உள்ளே கட்டில், அடுப்பு, அம்மி எல்லாம் தெரியும். பார்த்துவிட்டு மறுபடி அடுக்கிவிடலாம். பக்கத்து வீட்டை இன்னொருவர் கட்டினாலும் ஒட்டவைத்துத் தெருவாக நீட்டலாம்.

இந்த முறைக்கு வழிகாட்டி, லெகோ நிறுவனம் 2007-ல் வெளியிட்ட 'கஃபே கார்னர்' என்ற செட். வடிவமைத்தவர் ஜேமி பெரார்ட். 2,056 துண்டுகள் கொண்ட ஒரு மூலை வீட்டு ஹோட்டல். அதிலிருந்துதான் மாடுலர் வரிசை ஆரம்பம். 2017-ல் பத்தாம் ஆண்டுக்காக வந்த 'அசெம்ப்ளி ஸ்கொயர்' 4,002 துண்டுகள். விலையைச் சொல்லி உங்கள் பிபியை ஏற்ற விரும்பவில்லை. வெளிநாட்டு பொம்மைகளுக்கான சுங்க வரி 2020-ல் 20 சதவிகிதத்திலிருந்து 60 ஆகவும், 2023-ல் 70 ஆகவும் உயர்ந்தது என்று மட்டும் சொல்லி வைக்கிறேன். அதனால்தான் நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் செட் வாங்குவதைவிட, இருக்கிற கட்டைகளை வைத்துத் தாங்களே வடிவமைக்கிறார்கள். என்னைக் கேட்டால் ருசியும் அதில்தான்.

எங்கள் வீட்டுப் பையனிடம் இருந்தது சிங்கப்பூர் சித்தி கொடுத்த ஒரு பழைய டப்பா. கூடவே கடைகளில் கிலோ கணக்கில் வாங்கிய வேறு கம்பெனிக் கட்டைகள். லெகோ கட்டைக்கு இன்றைய வடிவில் காப்புரிமை கோரப்பட்டது 1958 ஜனவரி 28-ல், டென்மார்க்கில். அன்றைய கட்டை இன்றைய கட்டையோடு பொருந்தும். விலை குறைந்த கட்டைகளில் சில இறுக்கமாக உட்காரும், சில லொடலொட. வாங்கும்போது பத்தை ஒன்றின் மேல் ஒன்றாகச் செருகி ஆட்டிப் பாருங்கள். ஐ.எஸ்.ஐ முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். 2021-லிருந்து பொம்மைகளுக்கு அது கட்டாயம்.

குமிழ்க் கணக்கு

கட்டையின் தலையில் இருக்கும் குமிழ்தான் அளவுகோல். ஒரு குமிழுக்கும் அடுத்த குமிழுக்கும் 8 மில்லிமீட்டர். கட்டையின் உயரம் 9.6 மில்லிமீட்டர். தட்டையான பிளேட் மூன்றை அடுக்கினால் ஒரு கட்டை உயரம். இவ்வளவு தெரிந்தால் எந்த வீட்டையும் நோட்டில் போட்டுவிடலாம். கிராஃப் தாளில் ஒரு கட்டம் என்றால் ஒரு குமிழ். கம்ப்யூட்டர் இருப்பவர்களுக்கு 'பிரிக்லிங்க் ஸ்டூடியோ' என்ற இலவச மென்பொருள் உண்டு. எத்தனை துண்டு தேவை என்ற பட்டியலையும் அதுவே போட்டுத் தரும். இல்லாதவர்களுக்கு நோட்டும் பென்சிலும் எந்த விதத்திலும் மட்டமில்லை.

லெகோ பொம்மை மனிதனின் உயரம் சுமார் 4 செ.மீ. ஐந்தரை அடி ஆளோடு ஒப்பிட்டால் 42-ல் ஒரு பங்கு. இந்த அளவில் எங்கள் வீட்டின் 18 அடி அகலம் 16 குமிழில் அடங்கியது. 11 அடிச் சுவர் எட்டுக் கட்டை. அதைவிட ஆச்சரியம், ஒரு குமிழ் தடிமனுள்ள சுவரைப் பெருக்கிப் பார்த்தால் 13 அங்குலத்துக்கு மேல் வந்தது. பழைய வீடுகளின் ஒன்றரைக் கல் சுவர் கிட்டத்தட்ட அதே கனம்தான்! "டென்மார்க்காரனுக்கு நம்ம கொத்தனார் சொல்லிக் கொடுத்திருப்பார்" என்றார் அப்பா.

சிக்கல் நீளத்தில் வந்தது. மாடுலர் வீடுகளின் வழக்கமான அடித்தட்டு 32-க்கு 32 குமிழ். நிஜத்தில் சுமார் 35 அடி. எங்கள் வீடோ 90 அடி. 16-க்கு 32 தட்டு இரண்டை நீளவாட்டில் வைத்தும் 70 அடிதான் வந்தது. அதிலும் நாலு குமிழ் தெருவுக்குப் போய்விட்டது. ஏறக்குறைய 24 அடி வீட்டை எங்காவது வெட்டியாக வேண்டும்.

அன்று இரவு எங்கள் வீட்டில் இரண்டாவது பாகப்பிரிவினை நடந்தது என்றே சொல்லலாம். அக்காவுக்கு முற்றம் குறையக் கூடாது, மழை பெய்தால் அண்டா வைத்த இடம். எனக்குத் திண்ணை. அம்மா சமையல்கட்டைத் தொடவே விடவில்லை. அப்பா பேசாமல் இருந்துவிட்டுக் கடைசியில், "கண்ணு, கிணத்தை மட்டும் விட்டுறாதே" என்றார். பையன் கூடத்தைப் பாதியாகக் குறைத்தான். நெல் அறையை எடுத்தேவிட்டான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

தூக்கினால் வர வேண்டும்

கட்டும்போது அவன் கற்ற பாடங்களைச் சொல்கிறேன், உங்களுக்கும் உதவும். மாடி எளிதாகத் தூக்க வர வேண்டுமானால், கீழ்ச்சுவரின் மேல் விளிம்பில் குமிழே இல்லாத வழவழப்பான டைல்களை ஒட்டிவிட்டு, நாலைந்து இடங்களில் மட்டும் குமிழை விட வேண்டும். எல்லாக் குமிழும் கவ்வினால் மாடியோடு சுவரும் பிய்ந்து வரும். அவனுக்கு முதல் முறை நடையே கையோடு வந்தது. இரண்டாவது, சுவர் மூலைகளில் கட்டைகள் மாறி மாறிப் பூட்டிக்கொள்ள வேண்டும். கொத்தனார் இணைப்பு மாற்றிக் கல் வைப்பாரே, அதேதான். பக்கத்து வீட்டோடு சேர்க்க, பக்கச் சுவரில் துளையுள்ள கட்டையை வைத்து ஊசி செருகுவார்கள். துளைகளின் இடம் எல்லா வீட்டிலும் ஒன்றாக இருந்தால் தெரு நேராக நிற்கும்.

திண்ணைத் தூணுக்கு உருண்டைக் கட்டைகள். ஓட்டுக்குச் சாய்வுக் கட்டைகள். செங்காவி நிறம் கிடைக்காமல், கூரை பாதி சிவப்பு, பாதி பழுப்பு. ஓடு மாற்றிய வீடு என்று சமாதானம் சொல்லிக்கொண்டோம்.

முடித்ததும் அவன் பார்வை ராஜகோபுரத்தின் பக்கம் போனது. 217 அடி, 11 நிலை. கிருஷ்ணதேவராயர் தொடங்கி, தஞ்சை செவ்வப்ப நாயக்கர் காலத்தில் முடிந்தது. எங்கள் வீட்டின் அளவிலேயே கட்டினால் 157 செ.மீ உயரம், 164 கட்டை! ஏறக்குறைய அக்கா உயரம். கட்டைக்கு எங்கே போவது? அதனால் சின்ன அளவில் கணக்குப் போட்டோம். கோபுரத்தின் அடி 135-க்கு 98 அடி. அதை 32-க்கு 24 குமிழாக எடுத்துக்கொண்டால், உயரம் 43 கட்டை. கல்காரத்துக்கு 7, நிலைக்கு மூன்றாக 33, உச்சிக்கு 3. ஒவ்வொரு நிலையிலும் பக்கத்துக்கு ஒரு குமிழ் உள்ளே தள்ளினால், பதினொன்றாம் நிலையில் 12-க்கு 4 மிஞ்சுகிறது. சாலை வடிவச் சிகரம் உட்கார அளவான இடம். நோட்டைப் பார்த்து இருவரும் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டே இருந்தோம்.

பெரிய கோபுரங்களும் இப்படித்தான் எழுந்தன. கீழே கருங்கல், மேலே செங்கல்லும் சுதையும், நிலை நிலையாக. வடக்குக் கோபுரத்தைக் கட்டிய அம்மணி அம்மாள் அரசி இல்லை. வீடு வீடாகப் போய் யாசித்துச் சேர்த்த காசில் 171 அடி எழுப்பியவர். காசு தீர்ந்தபோது கூலியாகத் திருநீற்றைக் கொடுத்தார், அது பணமாக மாறியது என்பது எங்கள் ஊர்க் கதை. கட்டை தீர்ந்துபோன பையனுக்கு அதைச் சொன்னேன். "விபூதி கொடுத்தா கடையில லெகோ தருவாங்களா மாமா?" என்றான்.

இரண்டுக்கு நாலு குமிழுள்ள ஒரே நிறக் கட்டைகள் ஆறை மட்டும் எத்தனை விதமாகச் சேர்க்கலாம் தெரியுமா? கோபன்ஹேகன் பல்கலைக்கழகக் கணித அறிஞர் சோரன் ஐலர்ஸ் குழுவினர் கம்ப்யூட்டரில் எண்ணிச் சொன்ன விடை 91,51,03,765. ஆகவே கட்டை குறைவு என்று யாரும் தயங்க வேண்டாம்.

போன ஞாயிறு வீட்டை அப்பா முன்னால் வைத்தோம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கூரையைத் தூக்கினார். மெத்தையைத் தூக்கினார். திண்ணையிலிருந்து விரலால் நடந்து முற்றம் தாண்டி, கூடம் தாண்டி, கிணற்றடியில் நின்றார். ராட்டினத்தில் பையன் கட்டியிருந்த நூலைத் தொட்டுப் பார்த்தார். பிறகு விரல் மெல்லத் திரும்பி வந்தது.

"நெல் ரூம் எங்கேடா?"

பையன் என்னைப் பார்த்தான். இடமில்லை என்று விளக்க நான் வாயெடுப்பதற்குள், "அங்கேதான் உங்க பாட்டியை முதன்முதலா உட்கார வெச்சிருந்தாங்க" என்றார் அப்பா.

இப்போது மூன்றாவது தட்டு வாங்கியிருக்கிறோம். பழுப்புக் கட்டை இன்னும் நாற்பது வேண்டும். தைக்கு முன்னால் நெல் அறையை இன்னொரு முறை அளக்க வேண்டும் என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறான்.