துண்டுகள் கூடிய பேராடி

1948-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கலிபோர்னியாவின் பாலமார் மலைமீது ஹேல் தொலைநோக்கி திறந்துவைக்கப்பட்டபோது, இருநூறு அங்குல விட்டமுள்ள அதன் குழியாடியைக் காட்டிலும் பெரியதொன்றை மனிதன் இனி எக்காலத்திலேனும் வார்ப்பானோ என்ற சந்தேகம், அதை வார்த்தவர்களுக்கே எழுந்திருந்தாலும் வியப்பதற்கில்லை. கார்னிங் நகரத்துக் கண்ணாடித் தொழிற்சாலையில் 1934-இல் வார்த்த முதல் வட்டு, அச்சின் பகுதிகள் பெயர்ந்து மிதந்தமையால் பயனற்றுப் போயிற்று. அதே ஆண்டு டிசம்பரில் வார்த்த இரண்டாவது வட்டின் சூட்டைப் பையப் பையத் தணிப்பதற்கே பத்து மாதங்கள் சென்றன. பிறகு ரயிலேற்றிக் கொண்டுபோய்ச் சாணைபிடித்து மெருகேற்றும் வேலை, நடுவே யுத்தமும் குறுக்கிட்டதால், பத்தாண்டுக்கு மேல் நீண்டது. அக்கருவிக்காகவே பாடுபட்ட ஜார்ஜ் எல்லரி ஹேல் 1938-இலேயே காலமாகிவிட்டார்.

இவ்வளவு சிரமமும் ஒளியைத் திரட்டுவதற்காகத்தான். பல நூறு கோடி ஆண்டுகள் யாத்திரை செய்து நம்மை வந்தடையும் தொலைதூர நட்சத்திர மண்டலங்களின் ஒளி மிகமிகச் சொற்பமானது. அதை ஏந்திக் குவிக்கும் ஆடி விசாலமாக ஆக, பிரபஞ்சத்தின் ஆழத்தினுள் நம் பார்வையும் செல்கிறது. விட்டம் இரட்டித்தால் திரளும் ஒளி நான்கு மடங்காகும். ஆனால், வானத்தின் எப்பக்கமும் சாய்க்கப்பட வேண்டிய ஆடி தன் பாரத்தாலேயே தொய்யக்கூடியது. ஒளியலையின் நீளத்தில் ஒரு சிறு பின்னமளவு தொய்ந்தாலும் பிம்பம் கலங்கிவிடும். இரட்டை விட்டமுள்ள ஆடியை முன்போலவே தொய்யாமல் காக்க வேண்டுமானால் தடிமன் நான்கு மடங்காக வேண்டும். எடையோ அப்பொழுது பதினாறு மடங்காகிறது. 1975-இல் சோவியத் நாட்டார் காக்கஸஸ் மலைப் பிரதேசத்தில் நிறுவிய ஆறு மீட்டர் ஆடி, தன் பெரும் பருமனால் இரவுக் காற்றின் குளிர்ச்சிக்கு விரைவில் இணங்காமல் அவர்களை வெகுவாகத் தொல்லைப்படுத்திற்று.

ஆடி ஒரே கண்ணாடியாகத்தான் இருக்கவேண்டுமா? இத்தாலியில் பொலோனியா நகரத்து வானசாஸ்திரி குய்தோ ஹோர்ன் தார்த்தூரோ இக்கேள்வியை எழுப்பியதோடு நில்லாமல், 61 அறுகோணத் துண்டுகளை அருகருகே பொருத்தி 1.8 மீட்டர் ஆடியொன்றை 1952-இல் செய்தும் முடித்தார். துண்டுகளை அவர் திருகுகளைக் கொண்டு கையாலேயே ஒழுங்குபடுத்தினார். சாய்த்தால் ஒழுங்கு குலைந்துவிடுமாகையால், உச்சிவானத்தை மட்டுமே நோக்கும்படி அதைக் கிடத்தியும் வைத்தார். கணிப்பொறியின் துணையற்ற ஒருவரால் அதற்கு மேல் என்ன செய்ய இயலும்? அவருக்கு உரிய புகழ் இன்றளவும் கிட்டவில்லை என்பது என் அபிப்பிராயம்.

ஆடியைச் சாய்த்தும் துண்டுகளின் ஒழுங்கு குலையாதிருக்கச் செய்த பெருமை, அணுத்துகள் ஆராய்ச்சியிலிருந்து வானவியலுக்கு வந்த ஜெர்ரி நெல்சனைச் சேரும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அவர், 1970-களின் பிற்பகுதியில், 36 அறுகோணத் துண்டுகளால் பத்து மீட்டர் ஆடி அமைக்கும் திட்டத்தை வகுக்கத் தொடங்கினார். ஒவ்வொரு துண்டும் 1.8 மீட்டர் அகலம். தடிமன் 75 மில்லிமீட்டர்தான். கண்ணாடி முழுவதும் சேர்ந்து சுமார் 14 டன். பாலமார் ஆடியின் எடையும் ஏறக்குறைய அதுவே. பரப்பில் மட்டும் புதியது அதைப்போல் நான்கு மடங்கு.

சிக்கல் துண்டுகளின் வடிவத்தில் இருந்தது. இரண்டு கண்ணாடிகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து எல்லாத் திசைகளிலும் தேய்த்துக்கொண்டே இருந்தால், அவை தாமாகவே கோளப் பரப்பின் வளைவை எய்தும். ஆகையால் கோளப் பரப்பை மெருகேற்றுவது சுலபம். ஆனால் ஒளியைச் செவ்வையாகக் குவிக்கும் பேராடியின் பரப்போ கோளமன்று, விளிம்பை நோக்கிச் செல்லச்செல்லச் சற்றே தட்டையாவது. அதன் நடுவிலிருந்து விலகிய எந்தத் துண்டும் தன்னளவில் சமச்சீர் அற்றதாய், ஒரு பக்கம் ஒருவிதமாகவும் மறுபக்கம் வேறுவிதமாகவும் வளைந்திருக்கும். அத்தகைய கோணல் வடிவத்தைப் பல முறை பிழையின்றித் தேய்த்தெடுப்பது எங்ஙனம்?

நெல்சனும், பொறியியல் பேராசிரியரான ஜேக்கப் லூப்ளினரும் கண்ட யுக்தி என்னை மிகவும் கவர்ந்தது. நடு மேலே புடைக்கும்படி வளைத்துப் பிடித்த பலகையை, மேற்புறம் மட்டமாக இழைத்துவிட்டுப் பிடியை விட்டால், பலகை நிமிர்ந்து, இழைத்த முகம் குழிவாகி நிற்கும். அவ்வாறே வட்டமான கண்ணாடியின் விளிம்பைச் சுற்றிலும் நெம்புகோல்களைப் பொருத்தி, வேண்டிய வடிவத்துக்கு நேர் எதிரான கோணலை அதற்கு உண்டாக்கி, அந்நிலையில் சுலபமான கோளப் பரப்பாகவே மெருகேற்றி, பிறகு நெம்புகோல்களைத் தளர்த்தினார்கள். விடுபட்ட கண்ணாடி தானே வேண்டிய வடிவத்தை அடைந்தது. எவ்வளவு விசை எங்கே தரவேண்டும் என்பதைத் தகடுகள் வளையும் நியதியிலிருந்து முன்கூட்டியே கணித்துவைத்திருந்தனர்.

கணிதம் சொன்னபடியே கண்ணாடி முழுவதும் நடக்கவில்லை. வட்டத்தை அறுகோணமாக வெட்டியவுடன் உள்ளே அடங்கியிருந்த அழுத்தங்கள் விடுபட்டுத் துண்டுகள் சற்றே முறுக்கிக்கொண்டன. பின்புறம் வில்தகடுகளைப் பூட்டி இழுத்தும், அயனிக் கற்றையைப் பாய்ச்சிப் பரப்பை நுணுக்கமாகச் செதுக்கியும் அக்குறையைப் போக்க நேர்ந்தது.

துண்டுகளை ஓராடியாக நிறுத்தி வைப்பது வேறு காரியம். விளிம்புகளில் 168 உணர்கருவிகள் அமர்ந்து, அண்டைத் துண்டு தன்னிலிருந்து ஏறியோ இறங்கியோ இருக்கிறதா என்று அளந்துகொண்டே இருக்கின்றன. துண்டுக்கு மூன்றாக 108 தாங்கிகள், கணிப்பொறியின் கட்டளைப்படி வினாடிக்கு இருமுறை நிலையைத் திருத்துகின்றன. திருத்தத்தின் நுட்பம் நான்கு நானோமீட்டர். மயிரிழையின் தடிமனைச் சுமார் இருபதாயிரம் கூறாக்கினால் ஒரு கூறு அவ்வளவு இருக்கும். உணர்கருவி அறிவது அண்டையோடுள்ள உறவை மட்டுமே ஆகையால், அவ்வுறவு எப்படி இருக்கவேண்டும் என்பதை அவ்வப்போது ஒரு நட்சத்திரத்தைப் பார்த்து நிர்ணயித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஹவாய்த் தீவில் நாலாயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்த மௌனா கேயாச் சிகரத்தில், கெக் அறக்கட்டளையின் நன்கொடையால் எழுந்த இத்தொலைநோக்கி, 1990 நவம்பரில் ஒன்பது துண்டுகளை மட்டுமே கொண்டு முதற்படத்தை எடுத்தது. பரப்பில் அந்த ஒன்பதே பாலமாருக்கு ஈடு. 1992-இல் முப்பத்தாறும் கூடின. 1996-இல் பக்கத்திலேயே அதன் இரட்டையும் எழுந்தது. வெகுதொலைவில் வெடித்த சூப்பர்நோவாக்களின் மங்கலான ஒளியை இவற்றால் நிறமாலையாகப் பிரித்து ஆராய முடிந்ததும், பிரபஞ்ச விரிவு வரவர விரைகிறது என்ற 1998-ஆம் ஆண்டு முடிவுக்கு ஓர் ஆதாரமாயிற்று.

பின்வந்தோர் தயங்கவில்லை. ராக்கெட்டுக்குள் மடங்கிச் சென்ற ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் ஆடி, பொன் பூசிய 18 பெரிலியத் துண்டுகளால் ஆனது. சிலி நாட்டு ஆர்மசோனெஸ் மலையில் ஐரோப்பியர் எழுப்பிவரும் 39 மீட்டர் ஆடிக்கு 798 துண்டுகள். அவற்றில் உள்ள 133 வடிவங்களுக்கும் வடிவத்துக்கொன்றாக உபரித் துண்டு வைத்து, பூச்சு மங்கியவற்றைக் கழற்றி மாற்றிக்கொண்டே இருப்பது ஏற்பாடு. 492 துண்டுகளாலான முப்பது மீட்டர் தொலைநோக்கி ஒன்றும் மௌனா கேயாவுக்கென்று வகுக்கப்பட்டு, அம்மலையைப் புனிதமாகக் கருதும் ஹவாய்ப் பூர்வகுடியினரின் எதிர்ப்பால் தடைபட்டது. அத்திட்டத்தில் இந்தியாவும் பங்காளி. துண்டுகளில் ஒரு பகுதியை நெல்சனின் முறையிலேயே மெருகேற்றுவதற்குப் பெங்களூருக்கு அருகில் ஹொசகோட்டையில் ஒரு கூடம் அமைந்தது. விளிம்பு உணர்கருவிகளைச் செய்யும் வேலை புதுச்சேரிக்கு வந்தது.